பற்றவைப்புக்குப் பொருத்தம் பார்த்தல்

கந்தம்பட்டி பைபாஸில் எங்கள் ஷெட்.
மூன்று மெஷின், மூன்றுக்கும் மூன்று வாய்.
பச்சைக்கு யூரோ வாய்,
செருகித் திருகினால் டக்கென்று உட்காரும்.
மஞ்சளுக்குப் பித்தளைக் குழாய், காஸுக்குத் தனி ட்யூப்,
ட்ரிக்கருக்கு இரண்டு ஒயர்,
எல்லாம் மாட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.
மூன்றாவது எந்த நாட்டுச் சரக்கென்று முதலாளிக்கே தெரியாது.
ஏலத்தில் வந்தது,
இதுவரை எவனுக்கும் வாய் கொடுக்கவில்லை.

"டார்ச்செல்லாம் ஒண்ணுதான் தவமணி,
மாட்டு, அமுக்கு, நெருப்பு வரும்"
என்பார் செங்கோட்டுவேல்.
அவர் கையுறை போட்டு நான் பார்த்ததில்லை.
மகளுக்கு வந்த ஜாதகத்தில் ஒன்பதைத் திருப்பி அனுப்பியவர்.

பாயின்ட் எட்டு லைனருக்குள்
ஒன்று புள்ளி இரண்டு கம்பியை விட்டால்
கம்பி முனகும், ஃபீடரில் சுருண்டு
குருவிக்கூடு கட்டும்.
நூற்றெண்பது ஆம்ஸ் டார்ச்சை
இருநூற்றைம்பதில் ஓட்டினால்
இரண்டாவது சீமிலேயே கைப்பிடி
சோறு வடிக்கிற குண்டான்.
இதையும் சொன்னேன்.
"துணி சுத்திக்க" என்றார்.

இரவு ஷிஃப்ட் எனக்கு.
பகலில் அதே டார்ச்சைப் பிடிப்பவன் மாதப்பன்.
ஆளை நான் பார்த்ததில்லை,
நான் ஏழு மணிக்கு நுழையும்போது
அவன் மேட்டூர் பஸ்ஸில் பாதி தூரம் போயிருப்பான்.
கைப்பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றி வைத்திருப்பான்,
தடி தடியாக, அவன் கைக்கு.
எனக்கு விரல் எட்டாது.
ட்ரிக்கரை நுனியால் கிள்ளிக் கிள்ளி
விடிவதற்குள் மணிக்கட்டு தனியாக அழும்.
டம்ளரைத் தூக்கினால் டீ சிந்தும்.
பிரித்துப் போட்டேன்.
மறுநாள் சுற்றியிருந்தான்.
பிரித்தேன், சுற்றினான்.
ஆவணி முழுக்க எங்களுக்குள்
இந்த ஒரே பேச்சு, ரப்பரில்.

ஜவ்வரிசி மில்லின் தொட்டிக்கு ஸ்டாண்டு, அவசரம்.
அன்றைக்கென்று பச்சை மெஷின் புகைந்து படுத்தது.
பச்சையின் டார்ச்சை மஞ்சளில் மாட்ட வேண்டும்.
செவ்வாய்ப்பேட்டை லேத்தில் அபுபக்கர்
ஓர் அடாப்டர் கடைந்து தந்தார்:
பெருவிரல் நீளப் பித்தளை,
இந்தப் பக்கம் இவன் வாய், அந்தப் பக்கம் அவன் வாய்.
"ரெண்டு வீட்டுக்கும் சொந்தக்காரன்மா இவன்,
ரெண்டு வீட்டிலயும் திட்டு வாங்குவான்."
இணைப்பில் சோப்பு நுரை பூசி
மூச்சை அடக்கிப் பார்த்தேன்.
ஒரு குமிழி.
இன்னும் கால் சுற்று இறுக்கினேன்.
இல்லை.

அதன் பிறகுதான் கைப்பிடியைக் கவனித்தேன்.
ட்யூப் இருந்தது.
பின்பாதி அவன் தடிமன்.
முன்னால், ட்ரிக்கர் பக்கம், ஒற்றைச் சுற்று மட்டும்,
படிக்கட்டு மாதிரி இறங்கி வந்திருந்தது.
என் ஆள்காட்டி விரல் தானாகப் போய் உட்கார்ந்தது.
கேபிளையும் கூரைக் கம்பியில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டு
பாரத்தை ஷெட்டின் தலையில் ஏற்றியிருந்தான்.
அவனுக்கெப்படித் தெரியும் என் விரல் நீளம்?
நான் பிடித்துக் கரி படிந்த இடத்தை
டேப் வைத்து அளந்திருப்பான், திருடன்.

முகமூடியை இறக்கினேன்.
காய்ந்த எண்ணெயில் வடை விழும் சத்தம்,
விட்டு விட்டு அல்ல, ஒரே சீராக.
கோணத்துக்காக முழங்கையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை.
இரண்டு மணிக்கு வெளியே வந்து நின்றேன்.
ஏற்காட்டு மலைப்பாதையில் ஏதோ ஒரு வண்டி
வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருந்தது,
கீழே விழாத ஒற்றைப் பொறி.
டம்ளரில் டீ அசையவில்லை.

கிளம்பும்முன் டிப்பைக் கழற்றிப் பார்த்தேன்.
துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது.
என் பையிலிருந்த புது டிப்பை மாட்டி வைத்தேன்,
நாசிலில் ஒட்டிய பிசிறையும் தட்டிவிட்டு.
மாதப்பனுக்குப் புரியும்.

கேட்டருகில் செங்கோட்டுவேல் சிரித்தபடி நின்றார்.
பத்தாவது ஜாதகம் வந்திருக்கிறதாம்,
ரஜ்ஜு முதல் எல்லாமே பொருந்துகிறதாம்.
கை எப்படி என்று கேட்க வாயெடுத்தேன்.
போன வாரக் கூலி பாக்கி இருந்தது.
"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.